'ஃப்ரேம் ஆஃப் மைண்ட்': எது நிஜம்?

தம்பி, வெள்ளவத்தையில் வீட்டில் கூடிப் படம் பார்க்கும் உங்கள் குழுவில், 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'ஃப்ரேம் ஆஃப் மைண்ட்' அத்தியாயம் முடிந்ததும் "எது நிஜம்?" என்று எல்லோரும் குழம்பிப்போனதாக எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம், அதற்குத் தெளிவான விடை இருக்கிறது.

விண்கப்பலின் துணைத்தளபதி ரைக்கர் ஓர் இரகசியப் பணிக்காக டிலோனஸ் கிரகத்துக்குப் போய்ப் பிடிபடுகிறார். தகவலைக் கறக்க அவருடைய மூளையைக் குடைகிறார்கள். அவர் அடைபட்டிருப்பதாகக் காட்டப்படும் மனநல விடுதியும் அங்கே நடப்பவையும் அவருடைய மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிய கனவு. பணிக்குப் புறப்படுமுன் கப்பலில் அவர் நடித்த நாடகமும் ஒரு பைத்தியக்காரனைப் பற்றியதுதான். அந்த வசனங்களையே மனம் செங்கல்லாக எடுத்துக்கொண்டது.

மறுபடி பார்க்கும்போது அவருடைய நெற்றிப்பொட்டுக் காயத்தையே கவனியுங்கள். ஆற்றிய காயத்தில் மீண்டும் இரத்தம் கசியும். எனக்கு அந்த இடம்தான் மிகவும் பிடித்தது. உண்மையில் குத்துகிற கருவியின் வலி கனவுக்குள் ஊடுருவும் வழி அது. பிறகு கண்ணாடி நொறுங்குவதுபோலக் காட்சிகள் உடையும்.

1993இல் வந்தது, 6ஆவது பருவம். அடுத்த முறை பார்க்கும் முன், நாடக ஒத்திகைக் காட்சியை மட்டும் ஒருமுறை தனியாகப் போட்டுக் காட்டுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். உங்கள் தங்கை பயந்தாளென்றால் கடைசிக் காட்சியையும் பார்க்கச் சொல்லுங்கள்: கப்பலுக்குத் திரும்பிய ரைக்கர் அந்த நாடக மேடையைத் தன் கையாலேயே பிரித்துப்போடுகிறார்.