பெரியப்பாவின் ஹை பீம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஊட்டி வந்தபோது முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்தோம். இதைவிடப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினால் பிரபஞ்சம் பிறந்த கணத்தையே பார்த்துவிடலாம்தானே? நம் முன்னோர்கள் கருவியே இல்லாமல் இதை அறிந்திருந்தார்களாமே? ப்ளஸ் டூ முடித்த என் மகன் வானியல் படிக்க ஆசைப்படுகிறான். அனுப்பலாமா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

முன்னோர்களை விட்டுவிடுங்கள், பாவம்.

‘பத்து மடங்கு’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நான் வளர்ந்தது முத்தோரைக்குப் பக்கத்தில். அந்தத் தொலைநோக்கியை உருவாக்கிய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தேடியது சரியான ஒரு சரிவை. ஊரின் அட்சரேகை 11 டிகிரி, மலைச்சரிவும் 11 டிகிரி. அதனால் கருவி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பி ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். 1970இல் வேலை செய்த மூளை அது. நீங்கள் பார்த்ததோ அதன் 530 மீட்டர் நீளத்தை மட்டும்!

சின்ன வயதில் ஒரு ராத்திரி, பெரியப்பாவின் லாரியில் கேரட் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் போனேன். கேத்தி தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. “லைட்டை இன்னும் பெருசாப் போடுங்க பெரியப்பா” என்றேன். ஹை பீம் போட்டுக் காட்டினார். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளைச் சுவர். “போதுமாடா?”

விளக்கு வேறு, தொலைநோக்கி வேறு என்பீர்கள். சரி. ஆனால் பனிக்குள் கண்ணைப் பெரிதாக்கினாலும் கதை அதேதான். தொலைநோக்கியில் தூரத்தைப் பார்ப்பது என்றால், வெகுகாலம் முன்பு கிளம்பிய ஒளியைப் பார்ப்பது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எலெக்ட்ரான்கள் அணுவில் அடங்காமல் அலைந்து ஒளியை முட்டித் திருப்பிக்கொண்டே இருந்தன. அதுதான் ஆதிப் பனி. வெப்பம் 3,000 டிகிரி அளவுக்குத் தணிந்து அணுக்கள் உருவான பிறகுதான் ஒளிக்கு வழி கிடைத்தது. பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1965இல் அறிவித்த ஓயாத ரேடியோ இரைச்சல் அந்த ஒளிதான். அதற்கு முந்தையது நேராக நம்மிடம் வந்துசேர வழியே இல்லை. ஆயிரம் மடங்கு பெரிதாகக் கட்டுங்கள், பனியின் முகப்புதான் தெரியும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டும் ஆதி விண்மீன் மண்டலங்கள்கூட அதற்கு வெகு பிந்தியவை; அப்போது பிரபஞ்சத்தின் வயது 30 கோடி ஆண்டுகளை ஒட்டி.

பெரியப்பா அன்று விளக்கை அணைத்தார். இன்ஜினையும் நிறுத்தினார். வளைவுக்குக் கீழே ஒரு பஸ் திணறி ஏறும் சத்தம். “அது மேல வரட்டும், அப்புறம் போலாம்.” பனிக்குள் சத்தம் வந்ததைப் போலத்தான், வெளியையே அசைத்துப் பரவும் ஈர்ப்பலைகளுக்கும் அந்த ஆதிப் பனி தடையில்லை. 2015இல் முதன்முதலாகப் பிடித்தது கருந்துளைகள் மோதிய அலையை. ஆதிகாலத்து அலை இன்னும் சிக்கவில்லை.

மகனா? தாராளமாக அனுப்புங்கள், முதலில் பி.எஸ்ஸி. இயற்பியலுக்கு. கணக்கு அவனுக்குப் பிடிக்குமா என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே ஐயா.