கப்பல் ஏறக் காப்பைத் திருப்பி வைக்கலாமோ?

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் கொக்குவில், பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். இவர் ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு பாக்கிறார். ரெண்டு சம்பளமும் சேத்து கைக்கு 1,28,000 வரும், செலவு போக மாதம் 18,000 மிஞ்சினாப் பெரிய காரியம். டிசம்பர் லீவில மாமிக்கு 70 வயசு. கனடாவில இருக்கிற மச்சாள் (இவரின்ர அக்கா, மாமியும் அவவோடதான்) சிங்கப்பூரில இருந்து வெளிக்கிடுற கப்பலில 4 இரவுக்கு எங்கட ரெண்டு பிள்ளையளையும் சேத்து எல்லாருக்கும் ரிக்கெற் போட்டிட்டா, பிளேன் காசும் அவதான். "நீங்கள் உடுப்போட வந்தாக் காணும்" எண்டவ. ஆனா வட்ஸ்அப் குறூப்பில நாளுக்கொரு லிஸ்ட் வருது. ஒரே நிறத்தில பெரிய சூட்கேஸ் நாலு 1,12,000, ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வொரு கலரில உடுப்பு, இவருக்கு 38,000க்கு ஒரு கோட்டும் சேத்து, 1,65,000, சப்பாத்து, கவரிங் நகை, மேக்கப் 70,000, அவைக்குக் கொண்டுபோற சாமான் 93,000, கூடின கிலோவுக்கு 45,000. மொத்தம் 4,85,000.

என்ர 4 காப்பு, ஒண்டு ஒரு பவுண், ஏற்கனவே நாலரை லட்சத்துக்கு அடைவில இருக்கு. 2021இல மச்சாளின்ர மகளின்ர சாமத்தியவீட்டுக்கு ஒண்டரை லட்சத்துக்கு வைச்சது, 2023இல அவை வந்து நிக்கேக்க வீட்டுக்கு பெயின்ற் அடிக்க 70,000 மேல எடுத்தது, 2025இல ஒரு கலியாணத்துக்கு 80,000. இப்ப பவுண் ஏறினபடியா திருப்பி வைச்சா இன்னும் 3 லட்சம் தரலாம் எண்டு வங்கியில சொல்லினம், வட்டி வருசத்துக்கு 14 வீதம். மிச்சத்தை கிறெடிட் காட்டிலயும் மூண்டு தவணை ஆப்பிலயும் போடலாம் எண்டு நினைக்கிறன். வட்டி குறைவுதானே, செய்யலாமோ அண்ணை?

பதில்: தங்கச்சி, நீங்கள் ரீச்சர், கூட்டல் கழித்தல் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, வரவுக்குள்ள செலவு செய்யுங்கோ எண்டு எழுதி உங்கட நேரத்தையும் வீணாக்க மாட்டன். கப்பல் பயணம் பிழையெண்டும் சொல்ல வரேல்லை. ரிக்கெற் காசு அவ போட்டாச்சு, மாமிக்கு 70, பிள்ளையளுக்கும் ஒரு சந்தோசம், கட்டாயம் போங்கோ. 2023 ஜூனில சென்னையில இருந்து வந்த சொகுசுக் கப்பல் காங்கேசன்துறைக் கடலில நிண்டபோது கரையில நிண்டு படம் எடுத்த ஆக்களில நானும் ஒராள், ஆசை எனக்கும் விளங்கும்.

எனக்கு உறுத்தினது உங்கட கடிதத்தில இருந்த ஒரே ஒரு சொல்லு. "திருப்பி வைச்சா." அந்தக் காப்பு 2021இல வங்கிக்குள்ள போனது, அதுக்குப் பிறகு ஒரு நாளாவது உங்கட கையில கிடந்ததோ? கணக்கை ஒருக்காப் பாருங்கோ. ஒண்டரை, எழுபதினாயிரம், எண்பதினாயிரம், எல்லாமா உங்கட கைக்கு வந்தது 3 லட்சம். துண்டில எழுதியிருக்கிறது நாலரை. மற்ற ஒண்டரை லட்சம் எங்கால வந்தது? ஒவ்வொருக்காலும் வட்டியைக் காசாக் கட்டாமல் அதையும் முதலோட சேத்து எழுதுவிச்சுப்போட்டு மேல காசு எடுத்திருக்கிறீங்கள். அதுவும் 2022 ஏப்ரலில மத்திய வங்கி ஒரே நாளில வட்டியை 7 வீதப்புள்ளி ஏத்தின காலமும் இதுக்குள்ளதான் வருது, அந்த வருசத்து வட்டியையும் குட்டி போட விட்டிருக்கிறீங்கள். முதலில ஒரு சதம் குறையேல்லை.

இதில ஆளை ஏமாத்திறது என்ன எண்டால் பவுண் விலைதான். விலை ஏற ஏற அதே காப்புக்கு வங்கி கூடத் தரும், நாங்களும் ஏதோ உழைச்ச காசு மாதிரி சந்தோசமா வாங்கிக்கொண்டு வருவம். "ஒரு லட்சத்துக்கு நாளுக்கு 38 ரூபாதான்" எண்டு விளம்பரம் வேற. 38 ரூபாய்க்கு ஒரு பிளேன்ரீ வருமோ தெரியாது, ஆனா உந்த 38 ஐ 365 ஆல பெருக்கினா அதே 14 வீதம்தான் வரும், வேற ஒண்டும் இல்லை. நீங்கள் கேக்கிற மாதிரி ஏழரை லட்சமாக்கினா நாளுக்கு 285, மாதம் 8,750. உங்களுக்கு மாதம் மிஞ்சிறது 18,000 எண்டுறீங்கள், அதில பாதி வட்டிக்கே. முதலைக் கட்டுறது எப்ப? கட்ட மாட்டீங்கள், அடுத்த முறை அவை வந்து நிக்கேக்க திரும்பவும் வைப்பீங்கள், 2021இல இருந்து அதைத்தானே செய்யிறீங்கள். நாலு தரமும் காரணம் உங்கட வீட்டுத் தேவை இல்லை எண்டதையும் கவனிச்சனீங்களோ தெரியேல்லை. மச்சாள் கெட்டவ எண்டு நான் சொல்லேல்லை, அவ ஒருநாளும் உங்களை அடைவு வைக்கச் சொன்னதில்லை, அவவுக்குத் தெரிஞ்சிருக்கவும் மாட்டுது. நீங்கள் சொல்லாமல் வைச்சுக்கொண்டு வாறீங்கள், அவ டொரொன்ரோவில இருந்து, இவைக்கு வசதி போல எண்டு நினைச்சு அடுத்த லிஸ்டைப் போடுறா.

சரி, இப்ப லிஸ்ட்.

சூட்கேஸ். யாழ்ப்பாணத்தில அலுமாரிக்கு மேல வெளிநாட்டுச் சூட்கேஸ் கிடக்காத வீடு இருக்கோ? வாற சனம் எல்லாம் ரெண்டை விட்டிட்டுத்தான் போகுது, சில்லுப் பூட்டின நல்ல சூட்கேஸுக்குள்ள பழைய கம்பளியும் கலியாண அல்பமும் கிடக்கு. சொந்தத்தில கேட்டு நடுத்தர அளவில ரெண்டு வாங்குங்கோ, ஆளுக்கொரு முதுகுப்பை, முடிஞ்சுது, செலவு பூச்சியம். நாலு பெரிய சூட்கேஸை நீங்கள் வைக்கிறது எங்கை? கப்பலில உள்பக்கத்து கபின் எண்டால் 160, 170 சதுர அடிதான் வரும், குளியலறையும் அதுக்குள்ளதான், நாலு பேர் எண்டால் ரெண்டு பேர் சுவரில இருந்து மடக்கி இறக்கிற மேல் கட்டிலில. சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழ போகவேணும். கபின் சுவர் கனக்க இரும்புத் தகடுதான், காந்தக் கொழுவி நாலைஞ்சு கொண்டுபோனா தொப்பி, பை, ஈரத்துவாய் எல்லாம் சுவரில தொங்கும். நூறுகளில முடியிற சாமான், 28,000 ரூபா சூட்கேஸை விட உங்களுக்கு உதவும்.

அந்த மூண்டு தவணை ஆப். வட்டி இல்லை எண்டு சொல்லுறது உண்மைதான், பிந்தினா தண்டம் எண்டதும் உண்மைதான். ஆனா உங்களுக்கு ஆபத்து அது இல்லை. 28,000 எண்டு பாத்தா வாங்காத மனுசர் "9,300 தானே" எண்டால் நாலு வாங்குவினம், அதுக்குத்தான் அதைச் செய்து வைச்சிருக்கினம். மாதம் 18,000 மிஞ்சிற வீட்டுக்கு மூண்டு மாதம் 37,000 ரூபா தவணை எப்பிடிக் கட்டுறது எண்டு எனக்கு விளங்கேல்லை, கடைசியில அதுக்கும் காப்புத்தான்.

உடுப்பு. கப்பலில ஒரு இரவு வடிவா உடுத்துக்கொண்டு வரச் சொல்லுவினம், அதுக்கு 38,000 ரூபாய்க்கு கோட் தைக்கவேணும் எண்டு ஆர் சொன்னது? பட்டுவேட்டியும் சேட்டும் போட்டுக்கொண்டு உங்கட மனுசன் போனா அங்க நிக்கிற எல்லாரையும் விட எடுப்பா இருப்பார். உங்களுக்கு கலியாணச் சீலை, இன்னும் ரெண்டு மூண்டு நல்ல சீலை இல்லாமலா இருக்கும், அவை சொல்லுற தங்கக் கலருக்கு ஒரு பிளவுஸ் மட்டும் தையுங்கோ. பிள்ளையளுக்கு கோட்சூட் வாங்கிறது சுத்த விசர் வேலை, வளருற பிள்ளையள், அடுத்த வருசம் போடேலாது. உண்மையில தேவையானது லிஸ்டில இல்லாத சாமான்தான். கப்பலுக்குள்ள ஏசி குளிர், மேல் தட்டில காத்து, ஆளுக்கொரு சுவெற்றர் இல்லாட்டி சோல்வை வேணும். பிள்ளையளுக்கு நீச்சல் உடுப்பு, சாதாரண ரீசேட்டோட குளத்துக்குள்ள இறங்க விடாயினம். நடக்கிறதுக்கு ஒரு கன்வஸ் சப்பாத்து. எல்லாம் சேத்து 40,000க்குள்ள நிப்பாட்டலாம். கவரிங் நகை 2,000 ரூபாய்க்குப் போதும்.

அடுத்தது 93,000 ரூபாச் சாமான். ஆறு கிலோ மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, வடகம், பருத்தித்துறை வடை, அதோட தைச்ச பிளவுஸ் அஞ்சு எண்டு லிஸ்டில கிடக்கு. தங்கச்சி, கப்பல் ஏறேக்க பையை எல்லாம் எக்ஸ்ரே பண்ணித்தான் விடுவினம், வீட்டில செய்த சாப்பாட்டுச் சாமானைப் பொதுவா ஏத்த விடாயினம். விட்டாலும் ஜன்னல் இல்லாத கபினுக்குள்ள நாலு நாள் ஆறு கிலோ தூளோட படுக்கிறது நீங்கள். அதைப் பிறகு அவை சிங்கப்பூரில இருந்து கனடாவுக்குத் தூக்கவேணும். டொரொன்ரோவில இல்லாத தமிழ்க் கடையா? பிளவுஸ் பாரமில்லை, அதைக் கொண்டுபோங்கோ, தையல் கூலியை முதல் அனுப்பச் சொல்லுங்கோ. மிச்சத்துக்கு "கப்பலில விடாயினமாம் மச்சாள்" எண்டு ஒரு வரி, உண்மையும் அதுதானே. சாமான் போனா கூடின கிலோக் காசு 45,000உம் தன்பாட்டில போயிடும்.

இஸ்திரிப்பெட்டி, தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில், வயர் நீட்டி, மெழுகுதிரி, இதுகளையும் எடுத்து வையாதேங்கோ. நெருப்புப் பயத்தில பறிச்சு வைச்சிட்டு இறங்கேக்கதான் தருவினம். பிளக் மட்டும் கவனம், எங்கட மூண்டு கால் பிளக் கன கப்பலில போகாது, அடாப்டர் ஒண்டு வாங்குங்கோ. தலைசுத்துக்கு டொக்டரிட்டக் கேட்டு குளிசை வாங்கிக்கொள்ளுங்கோ, கப்பலுக்குள்ள டொக்டரைப் பாத்தா டொலரில பில் வரும். குறிகட்டுவானில இருந்து நயினாதீவுக்குப் போறதுக்குள்ள சத்தி எடுக்கிற பிள்ளை எண்டால் கட்டாயம் வேணும். பாஸ்போட், குளிசை, ஒரு மாத்து உடுப்பு, நீச்சல் உடுப்பு எல்லாம் கையில கொண்டுபோற பையில. பெரிய சூட்கேஸை துறைமுகத்தில குடுத்தா அது கபினுக்கு வர பின்னேரமாகும்.

இனி உங்கட 4,85,000 ரூபா லிஸ்டில ஒருத்தரும் எழுதாத ஒண்டு. கப்பலில ஒவ்வொரு ஆளுக்கும், பிள்ளையளுக்கும் சேத்து, ஒவ்வொரு நாளும் சேவைக்கட்டணம் எண்டு பில்லில ஏறும். கப்பலுக்குக் கப்பல் வித்தியாசம், 18 அமெரிக்க டொலர் அளவில எண்டு வைப்பம். நாலு பேர், நாலு இரவு, 288 டொலர். டொலர் 300 எண்டு பாத்தாலும் 86,000 ரூபா! இது ரிக்கெற்றோட கட்டியாச்சோ இல்லையோ எண்டு மச்சாளிட்ட இண்டைக்கே கேளுங்கோ. கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு போய், கடைசி நாள் காலமை கதவடியில பில் கிடக்கேக்க முழுசாதேங்கோ. கப்பலுக்குள்ள காசு புழங்காது, ஒரு அட்டை தருவினம், எல்லாம் அதில ஏறும், அதுக்குப் பிணையா உங்கட கிறெடிட் காட்டைக் கேப்பினம் இல்லாட்டி காசாக் கட்டச் சொல்லுவினம். இதுக்காகத்தான் சொல்லுறன், அந்தக் காட்டில சூட்கேஸையும் சீலையையும் ஏத்தி நிரப்பாதேங்கோ, வெறுமையா வைச்சிருங்கோ. ஏறின உடன ஃபோனை நாலு பேரும் பிளைட் மோடில போடுங்கோ, நடுக்கடலில கப்பலின்ர நெற்வேர்க்கை அது தானாப் பிடிச்சா றோமிங் பில் சீலை விலையில வரும். வைஃபைக்கும் தனிக்காசு, நாலு நாள் பேஸ்புக் இல்லாமல் இருக்கலாம். நிக்கிற துறைமுகங்களுக்கு விசா தேவையோ எண்டதையும் ரிக்கெற் போட்ட ஆக்களிட்ட எழுத்தில வாங்குங்கோ.

ஆக, உடுப்பு 40,000, கவரிங்கும் சில்லறைச் சாமானும் 10,000, பயணக் காப்புறுதிக்கும் வழிச்செலவுக்கும் 35,000. 85,000. சேவைக்கட்டணமும் உங்கட தலையில எண்டால் 1,71,000. டிசம்பருக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கு, மாதம் 18,000 படி 1,08,000 சேரும். 63,000 துண்டு விழும், அதை மச்சாளிட்ட நேரடியாச் சொல்லுங்கோ. அவ்வளவு காசைப் போட்ட மனுசிக்கு 210 டொலர் பெரிசில்லை, நீங்கள் காப்பைத் திருப்பி வைச்சனீங்கள் எண்டு பிறகு தெரிஞ்சாத்தான் அவவுக்குக் கவலையா இருக்கும்.

காப்புக்கு நான் சொல்லுறது உங்களுக்குப் பிடிக்காது. நாலில ஒண்டை வித்துப்போடுங்கோ. ஒரு நாளைக்கு ஆரிட்டயாவது கைமாத்து வாங்கி நாலையும் மீட்டு, கஸ்தூரியார் வீதியில ரெண்டு மூண்டு கடையில விலை கேட்டு ஒண்டைக் குடுங்கோ. 3 லட்சம் வந்தா, மற்ற மூண்டையும் ஒண்டரை லட்சத்துக்கு மட்டும் வைச்சு கைமாத்தைக் குடுத்து முடியுங்கோ. பயணம் முடிய ஜனவரியில இருந்து மாதம் 15,000 கட்டினா ஒரு வருசத்தில மூண்டு காப்பும் கையில கிடக்கும். விக்காமல் இப்பிடியே நாலரையைக் கட்டுறதெண்டால் மூண்டு வருசத்துக்கு மேல இழுக்கும், அதுக்கிடையில எத்தினை சாமத்தியவீடு வரும் எண்டு நீங்களே யோசியுங்கோ. அம்மா போட்ட காப்பு எண்டு அழுவீங்கள், தெரியும். நாலையும் பூட்டி வைச்சுக்கொண்டு வட்டி கட்டுறதை விட மூண்டைக் கையில போடுறதை அம்மா விரும்பியிருப்பா எண்டுதான் நான் நினைக்கிறன்.

கடைசி இரவு சூட்கேஸைக் கட்டி கபின் வாசலில வைக்கச் சொல்லுவினம், அடுத்த நாள் போடுற உடுப்பை வெளியில எடுத்து வைச்சிட்டு வையுங்கோ. நான் எல்லாத்தையும் கட்டி வைச்சிட்டு காலமை சாறத்தோட சிங்கப்பூரில இறங்கின ஆள், என்ர மனுசி இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறா. ஆனா அது டிசம்பர்க் கதை. இந்தக் கிழமைக்குள்ள மச்சாளோட கதைச்சு, காப்பை வித்த பில்லையும் புது அடைவுத் துண்டையும் எனக்கு அனுப்புங்கோ, மாதம் எவ்வளவு கட்டலாம் எண்டு திரும்ப இருந்து பாப்பம்.