மகள் வேலைக்குப் போன பிறகு சிட்னியை எப்படிச் சுற்றுவது?

கேள்வி: நானும் கணவரும் சிட்னியில் பாரமட்டா ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து அப்பா, அம்மா மே கடைசியில் வந்து ஆறு வாரம் தங்கப் போகிறார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 64. வார நாட்களில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவோம், காரும் எங்களோடு போய்விடும். அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். இருவரும் சைவம். அவர்களாகவே போய்வர எந்த இடங்கள் சரிப்படும்? சுற்றுலா பாஸ் ஏதாவது வாங்கலாமா?

பதில்: பாஸ் வாங்க வேண்டாம். அந்தப் பாஸ்களில் மீன் காட்சியகம், மெழுகுச் சிலைகள், கோபுரத்தின் உச்சி என்று நாலைந்து இடங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். காசு வீணாகக்கூடாதே என்று அப்பா ஒரே நாளில் மூன்றையும் முடிக்கப் பார்ப்பார், அம்மாவின் முழங்கால் அன்றே படுத்துவிடும். சிட்னியில் பார்க்க வேண்டியது அதன் துறைமுகம். அதைச் சுற்றிக் காட்ட அரசு ஓட்டும் ரயிலும் ஃபெரியுமே போதும்.

அதற்கு ஆளுக்கு ஒரு ஓப்பல் கார்டு வாங்கிக் கொடுங்கள், ரயில், பேருந்து, ஃபெரி எல்லாவற்றிலும் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டும் பயண அட்டை அது. ஒரே கார்டை இருவருக்கும் தட்ட முடியாது. ஊரிலிருந்து கொண்டுவரும் வங்கி கார்டிலும் தட்டலாம், ஆனால் அந்நியச் செலாவணிக் கட்டணம் அதில் சேர்ந்துகொண்டே போகும். உள்ளூர் முதியோருக்கான தங்க நிற ஓப்பல் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்குக் கிடைக்காது, அதைத் தேடி அலைய வேண்டாம். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தப் பாதையின் முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். கேட் இல்லாத சின்னப் படகுத்துறைகளில்தான் பலரும் மறப்பது.

இனி முக்கியமான விஷயம், வெள்ளிக்கிழமை. ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றினாலும் இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டோம் என்று ஓப்பலில் ஓர் உச்சவரம்பு உண்டு. திங்கள் முதல் வியாழன் வரை பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய 20 டாலர். வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் கிட்டத்தட்ட அதில் பாதிதான். சனி, ஞாயிறில் என்ன சிக்கல் என்றால், தண்டவாளப் பராமரிப்பு என்று பல பாதைகளில் ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள், கூட்டமும் இருக்கும். வெள்ளிக்கிழமை கட்டணம் வார இறுதிக்கு உரியது, ரயில் ஓட்டமும் கூட்டமும் வார நாளுக்கு உரியவை. எனவே தூரப் பயணங்களை எல்லாம் வெள்ளிக்கு ஒதுக்குங்கள்.

முதல் வாரம் தூரம் எதுவும் வேண்டாம், துறைமுகம் மட்டும். பாரமட்டாவில் டி1 ரயிலில் ஏறச் சொல்லுங்கள். அது நகரத்துக்குள் புகுந்து, வின்யார்டு தாண்டி, ஹார்பர் பாலத்தின் மேலேயே ஓடி அக்கரை போகும். பெட்டிகள் இரண்டு அடுக்கு. அம்மா மேலேயும் ஏற வேண்டாம், கீழேயும் இறங்க வேண்டாம், கதவை ஒட்டிச் சமதளத்திலேயே இருக்கைகள் உண்டு. இருக்கையின் முதுகுப் பலகையைத் தள்ளினால் மறுபக்கம் சாய்ந்து, ரயில் போகும் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு எச்சரிக்கை: இந்த நகர ரயில்களில் கழிப்பறை கிடையாது. ஃபெரிகள் கிளம்பும் துறையான சர்குலர் கீயின் ஸ்டேஷனில் உண்டு, பெரிய ஃபெரிகளிலும் உண்டு.

பாலம் தாண்டியதும் வரும் மில்சன்ஸ் பாயிண்ட்டில் இறங்க வேண்டும். ஸ்டேஷனில் லிஃப்ட் இருக்கிறது. அங்கிருந்து தண்ணீரை நோக்கிச் சின்ன இறக்கம், மெதுவாக நடக்கலாம். 1932-இல் திறந்த பாலம் தலைக்கு மேல் நிற்கும். 503 மீட்டர் நீள வளைவு, அத்தனை இரும்பும் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதை அந்தப் புல்வெளியில் நின்றால்தான் கண்ணால் பார்க்க முடியும். கரையிலிருந்து எஃப்4 ஃபெரியில் ஏறினால் பாலத்துக்கு அடியில் புகுந்து, சில நிமிடங்களில் ஓபரா ஹவுஸைப் பார்த்தபடி சர்குலர் கீயில் இறக்கிவிடும். பாலத்தை மேலே ரயிலிலும் கீழே படகிலும் கடந்தாயிற்று. இதற்கென்று பல மடங்கு காசு வாங்கும் உல்லாசப் படகுகள் பக்கத்திலேயே நிற்கும், கண்டுகொள்ளாமல் நடக்கச் சொல்லுங்கள்.

சர்குலர் கீயிலிருந்து ஓபரா ஹவுஸ் வரை சமதளம். தூரத்தில் வெள்ளை வெளேரென்று தெரியும் கூரை, கிட்டே போனால் வெள்ளையே இல்லை. பளபளக்கும் வெண் ஓடும் மங்கிய தந்த நிற ஓடும் வரிசை வரிசையாகக் கோத்திருக்கும், மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். ஓடுகள் கைக்கெட்டும் இடம் ஒன்றிரண்டு உண்டு, அம்மா தொட்டுப் பார்க்கட்டும். இதை வரைந்த டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் அரசோடு மனஸ்தாபமாகி 1966-இல் ஊர் திரும்பினார். 1973-இல் கட்டடம் திறந்தது, அவர் கடைசிவரை வந்து பார்க்கவில்லை. உள்ளே கூட்டிப் போகும் வழக்கமான சுற்றுலாவில் படிகள் ஏராளம், அம்மாவுக்கு வேண்டாம். பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம். தண்ணீரை ஒட்டிய பாதையில் போய், வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

திரும்ப ரயில்தான் என்றில்லை. சர்குலர் கீயிலிருந்து எஃப்3 ஃபெரி பாரமட்டா ஆற்றில் ஏறி உங்கள் வீட்டுப் பக்கமே வரும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். கடைசிப் பகுதியில் ஆறு குறுகி இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் நெருங்கிவிடும். பிச்சாவரம் போனவர்கள் உடனே அந்த ஊர்க் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீர் மட்டம் ரொம்ப இறங்கும் நேரத்தில் படகு பாரமட்டா வரை வராமல் பாதியில் பேருந்துக்கு மாற்றுவதுண்டு. அன்றைய நிலவரத்தை டிரிப்வியூ செயலியில் பார்த்துக்கொள்ள அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதனால் மூன்று மணிப் படகைப் பிடிப்பது நல்லது.

அடுத்தது மேன்லி. எஃப்1 ஃபெரி, அரை மணி நேரம். கிளம்பும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் ஓபரா ஹவுஸ் முழுதாகக் கடந்து போகும். பாதி தூரத்துக்கு மேல், இரு முனைகளுக்கு நடுவே கடல் திறக்கும் இடத்தில் அலை உள்ளே வரும், படகு கொஞ்சம் ஆடும். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் அந்த ஐந்து நிமிடம் நடுவில் உட்காரட்டும். பக்கத்துத் துறையில் இன்னும் வேகமான தனியார் படகு ஒன்று நிற்கும். அதுவும் ஓப்பலை வாங்கிக்கொள்ளும், ஆனால் கட்டணம் வேறு, உச்சவரம்பும் அதற்குச் செல்லாது. பச்சையும் மஞ்சளும் பூசிய அரசுப் படகா என்று பார்த்து ஏறச் சொல்லுங்கள். மேன்லியில் இறங்கி ஒரு கடைத்தெருவைக் கடந்தால் கடற்கரை. அங்கே உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று வாங்கிவிட வேண்டாம், மீன் கடைகளில் பெரும்பாலும் மீன் பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பார்கள்.

போன்டை கடற்கரைக்கு எல்லாரும் போகச் சொல்வார்கள். போன்டையிலிருந்து கூஜி வரையிலான பாறைக்கரை நடைபாதை அழகுதான், ஆனால் ஆறு கிலோமீட்டர், நிறையப் படிகள். அம்மாவுக்கு அதைவிட வாட்சன்ஸ் பே பொருந்தும். ஃபெரியில் போய் இறங்கலாம், எதிரே பூங்கா, நிழல், பெஞ்ச். போன்டையையும் பார்த்தே ஆகவேண்டும் என்று அப்பா அடம்பிடித்தால், அங்கிருந்து 380 பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது.

டரோங்கா உயிரியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். கங்காருவும் கோவாலாவும் மட்டும்தான் வேண்டும் என்றால் கடைசியில் சொல்லும் கார் பயணத்தில் குறைந்த செலவில் முடியும். போவதென்றால், ஃபெரியில் இறங்கியதும் 238 பேருந்தில் மேல் வாசலுக்குப் போய்விட வேண்டும். பூங்கா ஒரு சரிவில் இருக்கிறது. மேலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கினால் படகுத்துறைக்கே வந்து சேரலாம்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, ப்ளூ மவுண்டன்ஸ். பலரும் இதற்கு நகரத்துக்குள் சென்ட்ரல் போய் ரயில் ஏறுகிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை, அந்த ரயில் பாரமட்டாவிலேயே நிற்கும். அங்கிருந்து, மலைமேல் இருக்கும் ஊரான கடூம்பா ஒன்றரை மணி நேரம். இந்த ரயிலில் கழிப்பறை உண்டு. கடூம்பா ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம், ஜூனில் பகலிலேயே பத்து டிகிரியைத் தொட்டுத் திரும்பும், காற்று வேறு. நெல்லையிலிருந்து கொண்டுவரும் ஸ்வெட்டர் போதாது. காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, காதை மூடும் தொப்பி, அம்மாவுக்குச் சாக்ஸ், ஷூ. புடவைக்குச் செருப்புதான் என்று சொன்னால் அன்று ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்டேஷன் அருகே 686 பேருந்து பிடித்தால் எக்கோ பாயிண்ட். மூன்று சகோதரிகள் பாறைகளும் கீழே கண்ணெட்டும் தூரம் யூகலிப்டஸ் காடும் தடுப்புச் சுவருக்கு அப்பால் தெரியும், படி ஏற வேண்டாம். அந்த மரங்களின் எண்ணெய் ஆவிதான் மலைக்கு நீல நிறம் தருகிறது என்பார்கள். பாறைக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்குக்கு இறங்கும் 900-க்கும் மேற்பட்ட படிகள் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே என்று தோன்றும், வேண்டாம், ஏறுவது பற்றி இறங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. காட்டின் தரையைத் தொட ஆசைப்பட்டால் அதே பேருந்தில் சீனிக் வேர்ல்டு போய்க் கம்பி வண்டியில் இறங்கி ஏறலாம். முன்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போட்ட 52 டிகிரிச் செங்குத்து ரயில் ஒன்றும் அங்கே ஓடுகிறது, அது அப்பாவுக்கு. காலையில் கிளம்புமுன் கடூம்பா வானிலையைப் பாருங்கள். மூடுபனி இருந்தால் எக்கோ பாயிண்ட்டில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப் போடுங்கள், அதற்குத்தானே ஆறு வாரம்.

ஜூன் சிட்னியில் மழை கூடுதலான மாதங்களில் ஒன்று. மழை நாளுக்கு நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடமும் ஆஸ்திரேலியன் மியூசியமும் இருக்கின்றன, இரண்டிலும் பொது நுழைவு இலவசம். அதுவும் முடியாத நாளில், பாரமட்டாவுக்குப் பக்கத்தில் இந்தியக் கடைகள் நிறைந்த ஹாரிஸ் பார்க் பகுதிக்குப் போய் ஒரு தோசை சாப்பிட்டு வரட்டும், தப்பில்லை.

அவர்கள் வரும் நேரம் விவிட் ஒளி விழா நடக்கும், ஜூன் நடு வரை. ஓபரா ஹவுஸ் கூரையில் வண்ணப் படங்கள் ஓடும், பார்க்கக் காசு கிடையாது. நீங்கள் வேலை முடிந்து நேரே சர்குலர் கீ வந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம், திங்கள் அல்லது செவ்வாய் மாலையில். சனிக்கிழமை இரவு அங்கே முழங்கால் வலியோடு நிற்க முடியாது.

கார் கிடைக்கும் ஞாயிறு ஒன்றைத் தெற்கே ஒதுக்குங்கள். 1985-இல் குடமுழுக்கு ஆன ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் காலையில் போனால் தரிசனம் முடித்து அங்குள்ள கேன்டீனிலேயே சாப்பிடலாம், வார இறுதியில் திறந்திருக்கும். ஸ்டேஷனிலிருந்து கோயில் தூரம், ஏற்றம் வேறு. அதனால்தான் இதை வார நாள் பட்டியலில் சேர்க்கவில்லை. பக்கத்திலேயே சிம்பியோ விலங்குப் பூங்கா, கங்காருவுக்குக் கையாலேயே தீனி கொடுக்கலாம். அப்புறம் பால்ட் ஹில் உச்சியில் காரை நிறுத்தினால் கீழே கடலும், பாறை சரிந்து விழுந்ததால் சாலையைக் கடலுக்குள் தள்ளிக் கட்டிய 665 மீட்டர் சீ கிளிஃப் பாலம் இருக்கும் கரையும் தெரியும். வடக்கு நோக்கிப் போகும் திமிங்கிலங்களின் காலம் அது, அப்பாவிடம் பைனாகுலர் ஒன்று கொடுத்து வையுங்கள். பாலத்தைக் கடந்து உல்லங்காங் தாண்டிப் போக நேரமிருந்தால் அதற்குத் தெற்கே நான் டியன் புத்தர் கோயிலும் இருக்கிறது. நீண்ட வார இறுதியின் திங்கட்கிழமை போகிறவர்கள் அது திறந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளவும்.