கொடியில் காய்ந்த காற்சட்டை

கேள்வி: கூலிம் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு 12 மணி நேர வேலை. அடுத்த மாதம் மகனுக்கு 9 வயது நிறைகிறது. கணினி விளையாட்டில் அவனுக்குப் பிடித்த வீரன் ஏந்தும் வாளை ரப்பர் மரப் பலகையில் நானே செய்துவருகிறேன். அவன் பார்த்துவிடக் கூடாதென்று, தூங்கிய பிறகு கொட்டகையைப் பூட்டிக்கொண்டுதான் வேலை. கொடியில் காய்ந்த அவன் பள்ளிக் காற்சட்டையை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, அலகை 3 அடி நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் என அறுத்திருக்கிறேன். ஆயுதம் கொடுத்தால் பிள்ளை முரடனாகிவிடுவான் என்கிறார் மனைவி. கொடுக்கலாமா?
– வாசகர், பாடாங் செராய், கெடா, மலேசியா

பதில்: தம்பி, உங்கள் மனைவியின் பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் வீட்டுச் சாமி மேடையில் வேல் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் சிலம்பம் சுற்றுகிறார்கள். மரவாளால் முரடனான பிள்ளையை நான் கண்டதில்லை. துப்பாக்கி மட்டும் செய்துவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. காற்சட்டையை அளந்தீர்களாம்! பையன் பத்தடி தூரத்தில் படுத்திருக்க, அவன் உயரத்தை அவன் துணியிடம் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். அந்த அளவும் தப்பு. சீருடையை அளவாக வாங்கும் தாய் யார்? ஓர் அளவு கூட்டி வாங்கி, கீழே இரண்டு விரற்கடை உள்ளே மடித்துத் தைப்பாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவாள். இப்போது அந்த மடிப்பு இருக்கிறதா, பிரித்தாகிவிட்டதா? உங்கள் மனைவிக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.

வேலை நேரத்தைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய நம் பெரியவர்கள் விடியுமுன் மர நிரைக்குப் போனாலும், மதியத்துக்கு மேலாவது பிள்ளை முகத்தைப் பார்த்தார்கள். (அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை, அந்தக் கூலி யாருக்கும் வேண்டாம்.) உங்களுக்கு அந்த மதியமும் இல்லை. ஆனால் ஓய்வு நாள் ஒன்று உண்டே! அன்றும் கொட்டகைக் கதவு அவனுக்குத் திறக்காது என்றால், இந்தப் பரிசு யாருடைய ஆசைக்கு? அவன் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு. பெற்றவனின் கடமை அதுவல்ல.

இனி வாள். உலர்ந்த ரப்பர் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. நீங்கள் சொன்ன அளவுக்கு அலகு மட்டுமே ஒரு கிலோவைத் தொடும். நான்கு முறை வீசினால் பையனுக்கு மணிக்கட்டு வலிக்கும். இன்னொரு பிள்ளையின் தலையில் பட்டால் தையல்தான். மலிவு விலைக் கடைகளில், குழந்தைகளுக்குத் தரையில் கோத்துப் போடும் நுரைப்பாய் விற்கிறார்களே, அதே ஈவிஏ நுரையில் 10 மில்லிமீட்டர் தகடு வாங்குங்கள். நடுவில் மெல்லிய பிவிசி குழாய், இருபுறமும் நுரை. குழாயின் முனை வெளியே தெரியக் கூடாது. சூட்டுக் காற்றுக் கருவியை மேலே ஓட்டினால் நுண்துளைகள் மூடிக்கொள்ளும், சாயம் உறிஞ்சப்படாது. பசையை ஒட்ட வேண்டிய இரு பரப்பிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டுத்தான் அழுத்த வேண்டும். அதன் நெடி தலையைச் சுற்றவைக்கும். அதற்காகவாவது கதவைத் திறந்து வைப்பீர்கள்.

பசை காயும் வரை சும்மாதான் இருக்க வேண்டும். அப்போது பையனிடம் கேளுங்கள்: அந்த வீரன் யார், யாரோடு அவனுக்குப் பகை, ஏன் அவனைப் பிடித்துப்போனது? வெட்டுவதும் சூடு காட்டுவதும் நீங்கள். வரைவதும் வண்ணம் பூசுவதும் அவன். கோணலாக வந்தால் வரட்டும். கைப்பிடியின் பருமனை அவன் விரல்களை மடக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவனை வெறுங்காலோடு நிற்கவைத்து, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். வாள் அதைவிட நீளக் கூடாது.

பிறந்தநாள் வரை காத்திருக்க வேண்டாம், வருகிற ஓய்வு நாளிலேயே தொடங்குங்கள். அறுத்த பலகை வீணாகிறதே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். மருந்தேற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி துளைத்துவிடும்; கடையில் விசாரியுங்கள். மருந்தேற்றியதுதான் என்றால் சமையலறைச் சுவரில் சாமான் வைக்க ஒரு தட்டு அடித்துக் கொடுங்கள். எந்த உயரத்தில் என்று மனைவியிடமே கேளுங்கள்.