பக்கத்து வீட்டுக்காரருக்கு அரசு ஏன் பணம் கொடுக்கிறது?

தம்பி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வந்து நான்கே மாதத்தில் இதைக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு இது உறைக்க நான்கு வருடம் ஆனது. பல லட்சம் டாலர் அறுவடை இயந்திரம் வைத்திருக்கும் மக்காச்சோள விவசாயிக்கு எதற்கு மானியம், தஞ்சாவூரில் அப்பாவுக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய்தானே வருகிறது என்கிறீர்கள். பதினெட்டு வருடமாக இங்கே விவசாயிகளுக்கு வரிக் கணக்கு எழுதுகிறேன். அவர்களுக்கு மார்ச் 1 கெடு என்பதால் பிப்ரவரி முழுக்க என் மேசையில் மானியப் படிவங்கள்தான்.

மக்காச்சோளத்துக்குச் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. புஷலுக்கு, அதாவது சுமார் 25 கிலோவுக்கு, 3.70 டாலராக இருந்ததை 2025 சட்டம் 4.10 ஆக்கியது. ஆண்டுச் சராசரி விலை அதற்குக் கீழே இறங்கினால் வித்தியாசத்தை அரசு தரும். வேடிக்கை என்னவென்றால், இந்த வருடம் வயலில் நிற்கும் பயிர் கணக்கிலேயே வராது. அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்ற பழைய பதிவுதான் கணக்கு. ‘பேஸ் ஏக்கர்’ என்பார்கள். தாத்தா காலத்து அடங்கலை வைத்துப் பேரனுக்குப் பணம் கொடுப்பது போல. 100 பேஸ் ஏக்கர் இருந்தால் 85 ஏக்கருக்குத்தான் கிடைக்கும். ஏக்கருக்கு 150 புஷல் என்று பதிவாகி, விலை 20 சென்ட் குறைந்தால் 2,550 டாலர். அதுவும் அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரில்தான் வரும். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய வங்கிக் கடன் அதுவரை பொறுக்குமா?

இதைவிடப் பெரிய கை பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. ஓடையோரம் புல் மண்டிய நிலத்தைப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். மண் அரிக்காமல் இருக்க 10 முதல் 15 வருடம் விதைக்காமல் விடுவதற்கு அரசு வாடகை தருகிறது. 1985-இல் வந்த ஏற்பாடு.

இயந்திரம் வைத்திருப்பவரெல்லாம் நிலக்காரர் இல்லை. இங்கே பாதிக்கு மேல் குத்தகை நிலம். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் உழுபவர் பெயரில் வரும். விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் நிலக்காரருக்கும் மானியத்தில் பங்கு உண்டு. என்னிடம் வரும் ஒருவர் போன பிப்ரவரியில் சேற்றுக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு வந்து, ரசீதுகளை வரிசையாகப் பரப்பினார். மானியப் பணம் வந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அடுத்த வருடம் குத்தகை ஏறியிருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். நிலக்காரர் எங்கோ தொலைவில் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறார். மானியம் யாருக்கு என்று கேட்டால் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும்.

நீங்கள் நிலம் வாங்கினால் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கம். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும்வரை அயோவாவில் விளைநிலம் வாங்கவே சட்டம் இடம் தராது. கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கி, ரொக்கக் குத்தகைக்கு விட்டுவிட்டு உங்கள் மருத்துவமனை வேலைக்குப் போனால், அந்த விலை மானியத்தில் உங்களுக்கு ஒரு சென்ட்டும் வராது.

இன்னொன்று. யாருக்கு எவ்வளவு வந்தது என்பதைப் பெயரோடு இணையத்தில் யாரும் பார்க்கலாம். நானும் முதல் வருடமே தெருவில் உள்ளவர்களையெல்லாம் தேடினேன். நீங்களும் தேடுவீர்கள். தானியக் கிடங்கின் காபி மேசையில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள். ஒருவர் தொகையை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அடுத்த பிப்ரவரியில் அவரும் அவர் மைத்துனரும் வேறு கணக்காளரிடம் போய்விட்டார்கள்.