நாக்கு பின்தங்குகிறதா, காற்று நிற்கிறதா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு பேண்டு செட்டில் மூன்று வருடமாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். வயது 19. கல்யாண ஊர்வலத்தில் பாட்டு வேகம் பிடித்தால் சுரங்களைப் பிரித்துத் தட்டும் என் நாக்கு பின்தங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் வைத்துப் பார்த்தேன். ஒரே சுரத்தை பீட்டுக்கு நாலாக 108 வரை அடிக்க முடிகிறது. ஸ்கேல் (சுர வரிசை) வாசித்தால் 88-லேயே குழம்புகிறது. "நாக்கை இன்னும் பலமா அடி" என்கிறார் மாஸ்டர். அப்படி அடித்தால் தாடை வலிக்கிறது. நாக்கின் நுனியும் பின்பக்கமும் மாறி மாறி அடிக்கும் டபுள் டங்கிங் இப்போதே பழகலாமா? — பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரே சுரத்தில் 108, ஸ்கேலில் 88. இரண்டிலும் வேலை செய்வது அதே நாக்குதான். ஸ்கேலில் கூடுதலாக வந்து சேர்வது விரல். அதே ஸ்கேலை 88-ல் நாக்கே போடாமல் ஒரே மூச்சில் இழைத்து வாசித்துப் பாருங்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே 'வ்ழ்' என்று கலங்கல் கேட்டால் நாக்கைத் திட்டாதீர்கள், விரலால் அமுக்கும் வால்வு பாதி வழியில் நிற்கிறது. மோதிர விரல் வரும் இடத்தில்தான் பெரும்பாலும் இது நடக்கும். மெதுவான பாட்டிலும் வால்வை 'டக்'கென்று அடிவரை இறக்கப் பழகுங்கள். மெல்ல அமுக்கிப் பழகிய விரல் வேகத்திலும் மெல்லத்தான் போகும்.

இனி நாக்கு. மாஸ்டர் மேல் மரியாதை இருக்கட்டும், ஆனால் பலமாக அடிப்பது வேகத்துக்கு உதவாது. 108-ல் நீங்கள் வாசிப்பது நொடிக்கு ஏழு சுரத்துக்கு மேல். பலமாக அடிக்க நாக்கு தூரம் போய் வர வேண்டும். அதற்கு அங்கே நேரம் ஏது? தூரம் கூடியதும் தாடையும் கூடவே அசையத் தொடங்கும், வலி அங்கிருந்துதான் வருகிறது. செல்போன் கேமராவை முகத்துக்கு நேரே வைத்து வாசியுங்கள். முகவாய் ஆடக் கூடாது.

சத்தத்தை உண்டாக்குவது காற்று. நாக்கு அதை ஒரு கணம் தொட்டுவிட்டு விலகுகிறது, அவ்வளவுதான். இதைக் கண்ணால் பார்க்கலாம். நோட்டுத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, வாய்க்கு நேரே ஒரு சாண் தள்ளித் தொங்கப் பிடித்து ஊதுங்கள். தாள் சாய்ந்து நிற்கும். ஊதிக்கொண்டே 'து து து து' போடுங்கள். தாள் லேசாக நடுங்கலாம். ஒவ்வொரு 'து'வுக்கும் விழுந்து விழுந்து எழுந்தால் நீங்கள் காற்றை வெட்டுகிறீர்கள், அதாவது 'து'வுக்குப் பதில் 'துத்' என்று நாக்காலேயே சுரத்தை மூடுகிறீர்கள். வேகம் கூடும்போது திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது, நாக்கு எங்கே தொடுகிறது? பயிற்சிப் புத்தகங்களில் இங்கிலீஷில் 'tu' என்று இருக்கும் எழுத்தை நம்மவர்கள் 'டூ' என்று படித்துப் பழகிவிடுகிறோம். நம் 'ட'வுக்கு நாக்கு மேலே பின்னால் வளைகிறது. வளைந்த நாக்கு திரும்பி வர நேரம் பிடிக்கும், சுரத்தின் ஆரம்பமும் மழுங்கிப்போகும். 'த'வை அழுத்திச் சொன்னால் நுனி பல்லுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது, அதுவும் கூடாது. 'மன்னன்' என்று சொல்லி, கடைசி 'ன்'னில் நிறுத்துங்கள். மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறு மேடான இடத்தில் நுனி ஒட்டியிருக்கிறதல்லவா? அதுதான் இடம். நாதஸ்வரத்தில் துத்துகாரம் (நாக்கால் தட்டி வாசிப்பது) பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், ஆனால் அங்கே ஊதும் முனையான சீவாளி வாய்க்குள் இருக்கிறது. ட்ரம்பெட்டில் நாக்கு உதட்டையோ, உதட்டில் வைத்து ஊதும் மௌத்பீஸையோ தொட வேண்டிய வேலையே இல்லை.

பயிற்சிக்கு நாளுக்குக் கால் மணி நேரம் போதும். வால்வு எதையும் அமுக்காத நடு ஜி சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோம் 92. நாலு சுரம் வேகமாக, ஐந்தாவதை நீட்டி நிறுத்துங்கள். நாலு பீட் ஓய்வு. மூன்று தடவை சுத்தமாக வந்தால் மட்டும் இரண்டு ஏற்றுங்கள். கலங்கியதும் எட்டு இறக்கிவிடுங்கள், அதே எண்ணில் முட்டி மோத வேண்டாம். ஐந்து சுரம் 112-ல் நின்ற பிறகு ஒன்பது, அதற்குப் பிறகு பதின்மூன்று. துண்டு துண்டாகப் பழகினால் நாக்கு இறுகுவதற்கு முன்பே ஓய்வு கிடைத்துவிடும். நீளமாக அடித்துக்கொண்டே போனால் நீங்கள் பழகுவது இறுக்கத்தைத்தான்.

டபுள் டங்கிங் இப்போதே தொடங்கலாம். 120-க்கு மேல் போகிற பாட்டுக்கு அது வேண்டும். அதைத் தனி நாக்கின் (நுனி மட்டும் அடிப்பதன்) வேகம் முடிகிற இடத்தில் ஆரம்பிப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. 80-லேயே இரண்டும் வர வேண்டும், அப்போதுதான் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவுவது கேட்பவருக்குத் தெரியாது. 'தகதக' நம் வாயில் தானாக ஓடும். அதுவே ஒரு பொறியும்கூட. வார்த்தைக்கு நடுவே வரும் நம் 'க' இளகி, 'பகல்' என்பது கிட்டத்தட்ட 'பஹல்' ஆகிவிடுகிறது. குழலில் அந்தச் சுரம் வெறும் காற்றாகப் போகும். ஆகவே முதல் இரண்டு வாரம் 'க' மட்டும் தனியாக: 60-ல் பீட்டுக்கு ஒன்று, எட்டு தடவை. 'கிளி'யின் 'கி' மாதிரி, 'கு' வேண்டாம். 'கி' சொல்லும்போது நாக்கு அண்ணத்தில் முன்னால் தொடுகிறது, 'கு'வில் தொண்டைப் பக்கம் இறங்குகிறது. 'கி'யும் 'தி'யும் ஒரே சத்தத்தில் கேட்ட பிறகு 'தி-கி-தி-கி', அப்புறம் திருப்பி 'கி-தி-கி-தி'. இரண்டையும் செல்போனில் பதிந்து கேளுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் எது 'கி' என்று தெரியக் கூடாது. மூன்று மூன்றாக வரும் பாட்டுக்கு 'தி-தி-கி'. அது பிறகு தானே வரும்.

இதை ஊர்வலத்தில் முயலாதீர்கள். நடையில் மௌத்பீஸ் உதட்டில் இடிக்கும், அதைச் சமாளிக்க அழுத்துவீர்கள், தொண்டையும் இறுகும். சித்திரை வெயிலில் உதடு காய்ந்தால் இன்னும் மோசம், பாட்டுக்குப் பாட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். தெருப் புழுதி வால்வுக்குள் போயிருந்தாலும் விரல் தாமதமாகத்தான் தெரியும். ஊர்வலம் முடிந்த இரவே வால்வை ஒவ்வொன்றாக எடுத்து, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மூன்று சொட்டு வால்வு ஆயில் விட்டு, அதில் பொறித்த 1, 2, 3 என்ற எண்ணைப் பார்த்து அதனதன் குழலிலேயே போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும்.