தகரத் தொட்டி சொன்ன கணக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சூரிய ஒளி குறைந்துவருவது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து ஒரே குழப்பம். பூமி சூடாகிறது என்று முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். நீங்களோ தரைக்கு வரும் வெயிலே குறைந்துவருகிறது என்கிறீர்கள். வெயில் குறைந்தால் குளிரத்தானே வேண்டும்? இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். சரி, இரண்டும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். புகையும் தூசும்தான் வெயிலை மறைத்து நம்மைக் காக்கின்றன என்றால், காற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புவது வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற வேலை இல்லையா?

(எழுதியவர் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஓணானைக் கடைசியில் பிடிப்போம். முதலில் வெயில்.

சூரியன் மங்கவில்லை. காற்று மண்டலத்தின் உச்சியில், சூரியனுக்கு நேர் எதிரே ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் 1361 வாட். பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான். அங்கே வந்து சேர்ந்த வெளிச்சத்தில் தரைவரை இறங்கிய பங்குதான் குறைந்தது. ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு படிந்தால் அறை இருட்டுவது மாதிரி.

இதைக் கண்டுபிடித்தவர்கள் இதைத் தேடிப் போனவர்கள் இல்லை. ஜெரால்ட் ஸ்டான்ஹில் இஸ்ரேலில் பாசனத் திட்டத்துக்காக வெயிலை அளந்தவர். பயிருக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று தெரிய அந்த அளவு வேண்டியிருந்தது. 1950களில் எடுத்ததை 1980களில் சரிபார்த்தபோது 22 சதவீதம் குறைந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் அட்சுமு ஓமுரா என்ற காலநிலை ஆய்வாளர் ஐரோப்பிய நிலையங்களின் பழைய பதிவுகளைப் புரட்டி, அங்கேயும் அதே சரிவைக் கண்டு 1989இல் எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் கேட்ட அதே கேள்விதான் காரணம்: வெப்பம் கூடும்போது வெயில் எப்படிக் குறையும்? கருவியில் கோளாறாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். 2001இல் ஸ்டான்ஹில்லும் ஷப்தாய் கோஹனும் உலகப் பதிவுகளைத் தொகுத்து, வெயில் பத்தாண்டுக்கு 2.7 சதவீதம் குறைந்தது என்று கணக்குப் போட்டார்கள். 'குளோபல் டிம்மிங்' (உலகளாவிய மங்கல்) என்ற பெயர் அவர்கள் வைத்தது. இந்த எண்ணை அப்படியே பூமி முழுமைக்கும் விரித்துவிட வேண்டாம். அளவு நிலையங்கள் பலவும் நகரங்களை ஒட்டி இருந்தவை. ஊர்ப்புறங்களில் சரிவு குறைவு என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின.

கருவிக் கோளாறு என்ற வாதத்தை உடைத்தது இன்னொரு கருவி. கருவி என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டும், அவ்வளவு எளிமை. நாலடி அகலம், பத்து அங்குல ஆழம், துத்தநாகம் பூசிய தகரத்தில் ஒரு வட்டத் தொட்டி. மரச்சட்டத்தின் மேல் வெட்டவெளியில் கிடக்கும். தினமும் காலையில் ஒருவர் வந்து நீர்மட்டம் நேற்றைவிட எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, பழைய குறிவரை நிரப்பிவிட்டுப் போவார். மழை பெய்திருந்தால் அதைக் கழிப்பார். ஒரு வானிலை நிலையத்தில் அந்தக் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக ஒரே மாதிரி எண்கள். இதை எழுதுகிறவருக்கு எப்படி அலுக்காமல் இருக்கிறது என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

பூமி சூடானால் இந்தத் தொட்டிகளில் நீர் வேகமாக வற்ற வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1995இல் அமெரிக்காவிலும் முன்னாள் சோவியத் நாடுகளிலும் இருந்த பதிவுகளைத் தொகுத்தபோது, வற்றுவது குறைந்துகொண்டே வந்திருந்தது. 2002இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ரோடரிக்கும் கிரஹாம் ஃபார்குவரும் முடிச்சை அவிழ்த்தார்கள். தண்ணீரை ஆவியாக்குவதில் காற்றின் சூட்டைவிட வெயில், காற்றோட்டம், ஈரப்பதம் மூன்றுக்கும்தான் பங்கு அதிகம். புழுக்கமான நாளில் துணி காயாமல் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். அதை ஆவியாக்க சுமார் 24.5 லட்சம் ஜூல் வேண்டும். தொட்டியில் வற்றாமல் மிஞ்சிய மில்லிமீட்டர்களை ஜூலாக மாற்றி, குறைந்துபோன வெயிலின் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. வெயிலை அளந்தவரும் தண்ணீரை அளந்தவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தப்பு நேர வழியில்லை. (சில நாடுகளில் காற்றின் வேகம் குறைந்ததும் ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஆஸ்திரேலியாவிலேயே அதற்குத்தான் பெரும் பங்கு.)

இப்போது உங்கள் 'இரண்டில் ஒன்று பொய்'. வெயில் பகலில் மட்டும் வருகிற வரவு. பூமி வெளியே திருப்பி விடும் வெப்பம் செலவு. கார்பன் டை ஆக்சைடு செலவைப் பிடித்துவைக்கிறது, அதுவும் இரவு பகல் பாராமல். வரவு கொஞ்சம் குறைந்தாலும் செலவு அதைவிடக் குறைந்தால் கையிருப்பு ஏறத்தானே செய்யும்? இதற்குச் சாட்சி இரவுகள். 1950களிலிருந்து 1980கள் வரை நிலப்பரப்பில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் பகலின் உச்ச வெப்பத்தைவிட வேகமாக ஏறியது. பகலை யாரோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இழுத்ததில் பெரும்பங்கு கந்தகத்துக்கு. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் துகளாகி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதே துகளைப் பற்றிக்கொண்டு மேகத்துளிகளும் உருவாகின்றன. துகள் நிறைய இருந்தால் அதே தண்ணீர் பல சிறு துளிகளாகப் பிரிகிறது, மேகம் கூடுதல் வெள்ளையாகிறது. கரித்துகளின் போக்கு வேறு. அது ஒளியை விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். தரைக்கு நிழல், மேலே அடுப்பு. 1999இல் வீ. ராமநாதனும் பால் க்ரூட்சனும் தலைமை தாங்கிய ஆய்வு, இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கு மேல் கண்டது இந்தக் கலவையைத்தான். தரையில் வெயில் குறைவதையும் பூமி குளிர்வதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்பது அங்கேதான் தெளிவானது.

சரி, ஓணான்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி கார்பன் டை ஆக்சைடு போன்ற பசுங்குடில் வாயுக்கள் மட்டும் இருந்திருந்தால் பூமி சுமார் 1.5 டிகிரி சூடாகியிருக்கும். உண்மையில் அப்போது ஏறியிருந்தது சுமார் 1.1. நடுவில் உள்ள 0.4ஐ மறைத்தது பெரும்பாலும் இந்தத் துகள்கள். 0.4 என்பது நடு மதிப்புதான். பூஜ்யத்திலிருந்து 0.8 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கினார்கள். கடல்மேல் கப்பல் தடங்களில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த மேகங்கள் குறைந்தன. அதனால் வெப்பம் எவ்வளவு ஏறியது என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஏறவே இல்லை என்று சொல்கிறவர்கள் குறைவு.

அதற்காகப் புகையை வைத்துக்கொள்ளலாமா? கணக்கு ஒத்துவராது. துகளின் ஆயுள் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு. மழையில் கரைந்து இறங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகளுக்கு நிற்கும், வருடா வருடம் சேரும். சேர்ந்துகொண்டே போகும் கடனுக்கு வாரா வாரம் வட்டி மட்டும் கட்டுகிற கதை. கட்டுகிற பணமும் நம் நுரையீரலிலிருந்து போகிறது. காற்று மாசால் ஆண்டுக்கு எழுபது லட்சம் பேர் முன்கூட்டியே சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. தவிர, இந்தக் குடை எல்லோருக்கும் ஒரே மாதிரி விரியவில்லை. வட பாதியின் புகை அட்லாண்டிக்கின் வடபகுதியைக் குளிரவைத்து மழைப்பட்டையைத் தெற்கே தள்ளியது, 1970களிலும் 80களிலும் ஆப்பிரிக்காவில் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் காய்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. யார் வீட்டு அடுப்புக்கோ யார் வீட்டுக் கிணறோ வற்றியிருக்கிறது.

ஒரு தவறு என்னுடையது. 'வெயில் குறைந்துவருகிறது' என்று நிகழ்காலத்தில் எழுதியிருந்தேன். ஐரோப்பாவில் 1980களின் நடுவிலிருந்தே வெயில் மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது. கந்தகத்தைக் கட்டுப்படுத்தியதும் முக்கியக் காரணம். மார்ட்டின் வைல்டும் கூட்டாளிகளும் 2005இல் இதைப் பதிவு செய்தார்கள். சீனாவில் திரும்புவதற்கு இன்னும் தாமதமானது, இந்தியாவில் சரிவு தொடர்ந்தது. கட்டுரையில் அந்த வரியை 'குறைந்தது' என்று திருத்தி, எங்கே, எப்போது என்பதையும் சேர்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியிராவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.